சாவி போட்டால் ஒரே ஒரு 'டக்', இன்ஜின் சுற்றவில்லை (டீசல் ஃபோர் பை ஃபோர்)

பள்ளம்மேடு:
வணக்கம். டீசல் ஃபோர் பை ஃபோர், நாலு சிலிண்டர், மேனுவல் கியர். சேறு, ஓடை, பாறை எல்லாம் பார்த்த வண்டி. கொஞ்ச நாளைக்கு முன் ஓர் ஓடையைக் கடந்தேன். அப்போதிலிருந்து செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) தகராறு. சாவியைத் திருப்பினால் கீழே பலமாக ஒரு 'டக்'. அதோடு சரி. விட்டு விட்டுத் திருப்பினால் ஏதோ ஒரு தடவை ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. காலையில் பரவாயில்லை. பாறையில் மெதுவாக ஏறி இறங்கி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்தால்தான் அடம் அதிகம்.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. 'டக்' வரும்போது ஹெட்லைட் மங்கவில்லை. கேபிள்களை மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தேன், எல்லாம் கிட்டத்தட்ட ஜீரோதான். கூட வருகிறவர்கள் மோட்டாரையே மாற்று என்கிறார்கள். அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

நாலுக்குநாலு:
மோட்டார் போய்விட்டது நண்பா, யோசிக்கவே வேண்டாம். புதுசு வரும் வரைக்கும் சுத்தியலால் அதன் உடம்பில் இரண்டு தட்டு தட்டுங்கள், ஓடும்.

கரித்தூரிகை:
கழற்றும் முன் ஒரு கேள்வி. ஓடையில் தண்ணீர் எவ்வளவு உயரம்? ஏர் ஃபில்டர் நனைந்ததா? உங்கள் வண்டி அதன் பிறகும் ஓடியிருக்கிறது, அதனால் பயமில்லை. ஆனால் தண்ணீருக்கு நடுவே நின்றுபோன வண்டியோடு இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் மேலே வர முடியாமல் நிற்கும், செல்ஃப் இதே மாதிரி ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும். அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும். சந்தேகம் இருந்தால் டீசலில் க்ளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ, பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்கையோ கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டு கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சாவி.

சரி, இப்போது சத்தத்துக்கு வருவோம். வண்டி பாதி விஷயத்தைச் சத்தத்திலேயே சொல்லிவிடும்.

'டகடகடக' என்று விடாமல் அடித்தால் சொலினாய்டு (பினியன் என்ற சிறு பல்சக்கரத்தை இன்ஜினின் பல்லோடு சேர்த்து, மோட்டாருக்கு மின்சாரமும் விடும் மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் மின்சாரம் கேட்கிறது, வோல்டேஜ் சரிந்து சொலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. பேட்டரி இறங்கியிருக்கும், இல்லை எங்கேயோ இணைப்பு லூஸ். ஒரே 'டக்', கூடவே விளக்கு நன்றாக மங்குகிறது என்றால் மின்சாரம் மோட்டாருக்குள் போகிறது, ஆனால் ஏதோ ஒன்று சுற்ற விடாமல் பிடிக்கிறது. ஒரே 'டக்', விளக்கு மங்கவே இல்லை என்றால் பெரிய மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை. உங்களுடையது இந்த ரகம். 'உய்ங்' என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றினால் பெண்டிக்ஸில் (பினியன் பூட்டிய பாகம்) இருக்கும் ஒரு வழி கிளட்ச் வழுக்குகிறது. 'கர்ர்' என்றால் பற்களில் பிரச்சினை. சத்தமே இல்லையா, அப்போது மோட்டாரைத் தொடாதீர்கள். சிறிய வயர் பக்கம், அதாவது ஃபியூஸ், ரிலே, கிளட்ச் சுவிட்ச், சாவி சுவிட்ச், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு ஏற்பாடு) என்று தேட வேண்டும்.

ஓம் அளவை மறந்துவிடுங்கள். மல்டிமீட்டர் ஓம் பார்க்கும்போது அனுப்புவது மிகச் சிறிய மின்சாரம். கேபிளுக்குள் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது ஜீரோ என்றுதான் காட்டும். செல்ஃப் கேட்பது 200 ஆம்பியர், டீசலுக்கு அதற்கும் மேல். இற்றுப்போன கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியைக் கட்டி இழுப்பது போன்ற சோதனை அது. 0.01 ஓம் என்பது உங்கள் மீட்டரில் தெரியக்கூடச் செய்யாது; ஆனால் 200 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே இடத்தில் 2 வோல்ட் காணாமல் போகும்.

அதனால் லோடு ஓடும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்னொருவரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.

1. பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே.
2. பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து சொலினாய்டின் பெரிய போல்ட் வரை (பேட்டரி கேபிள் வரும் போல்ட், 30 என்று எழுதியிருக்கும்).
3. பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் உடம்பு வரை.
4. மோட்டார் உடம்புக்கும், சொலினாய்டில் சிறிய வயர் வரும் 50 முனைக்கும் நடுவே.
5. மோட்டார் உடம்புக்கும், சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் இன்னொரு பெரிய போல்ட்டுக்கும் நடுவே.

மீட்டரின் முனையை கிளாம்ப் மேல் வைக்க வேண்டாம், பேட்டரியின் ஈய முனையிலேயே குத்துங்கள். கிளாம்புக்கும் முனைக்கும் நடுவில்தான் பல நேரம் வியாதி இருக்கும். இன்ஜின் சுற்றும்போது ஓர் அளவு, 'டக்' மட்டும் வரும்போது ஓர் அளவு, இரண்டும் தனித்தனியாக வேண்டும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் ஆற விடுங்கள்.

பள்ளம்மேடு:
தண்ணீர் பம்பருக்குக் கீழேதான் இருந்தது. ஏர் ஃபில்டர் காய்ந்தே இருக்கிறது. ஆனால் பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக் கூடு) முழுக்க மூழ்கியிருக்கும். புல்லியில் ஸ்பானர் போட்டுச் சுற்றினேன், கம்ப்ரஷன் தவிர வேறு பிடிப்பு இல்லை. அளவு எடுத்துவிட்டு வருகிறேன்.

பழைய ஸ்பானர்:
சுத்தியல் வைத்தியம் சொன்ன நண்பருக்கு. பழைய மோட்டார்களில் உள்ளே இருப்பது கம்பி சுற்றிய ஃபீல்டு காயில். கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) சிக்கியிருந்தால் தட்டும்போது விடுபடும், உண்மைதான். ஆனால் இப்போது நிறைய மோட்டார்களில் உள்ளே நிரந்தரக் காந்தங்களை ஒட்டியிருக்கிறார்கள். ஓங்கி அடித்தால் காந்தம் விரிசல் விடும், துண்டு பெயர்ந்து ஆர்மேச்சருக்கும் (உள்ளே சுழலும் பாகம்) உடம்புக்கும் நடுவே சிக்கும். பிரஷ் மட்டும் மாற்றியிருக்க வேண்டிய மோட்டார் குப்பைக்குப் போகும்.

நாலுக்குநாலு:
காட்டுக்குள் நிற்கும்போது காந்தமா காயிலா என்று யார் பார்ப்பது? தட்டித்தான் வீடு வந்து சேர்ந்திருக்கிறோம். அது இல்லையென்றால் ஸ்க்ரூடிரைவரை வைத்து சொலினாய்டின் இரண்டு போல்ட்டையும் இணைத்தால் சுற்றும்.

பழைய ஸ்பானர்:
ஸ்பானர் கைப்பிடியால் லேசாக ஒரு தட்டு என்றால் சண்டைக்கு வர மாட்டேன். பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான் அதன் பயன்.

ஸ்க்ரூடிரைவர் விஷயம் வேறு. அது 50 முனையில் பட்டு, வண்டியும் கியரில் இருந்தால் நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டி நேரே ஸ்டார்ட் ஆகி, கீழே படுத்திருப்பவர் மேலேயே ஏறும். இப்படி ஆட்கள் நசுங்கியிருக்கிறார்கள். அதோடு, இரண்டு பெரிய போல்ட்டை மட்டும் இணைத்தால் சொலினாய்டு இழுக்காது. பினியன் வெளியே வந்து பல்லைப் பிடிக்காது. மோட்டார் வெறுமனே சுற்றும், ஸ்க்ரூடிரைவர் உருகும். இன்ஜின் சுற்ற வேண்டுமென்றால் 30-லிருந்து 50-க்குத்தான் கொடுக்க வேண்டும். அதையும் நியூட்ரலில், பக்கவாட்டில் நின்று, ஃபியூஸ் வைத்த வயரால்.

மணல்தேர்:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது ஏடிவி (பைக் போல ஹேண்டில் பிடித்து ஓட்டும் நாலு சக்கர வண்டி). அதில் 'டகடகடக' சத்தம். இங்கே சொன்ன சோதனைகள் அதற்கும் பொருந்துமா? மோட்டாரில் சொலினாய்டே இல்லையே.

கரித்தூரிகை:
பொருந்தும். பல ஏடிவிகளில் சொலினாய்டு வேலையை பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டார்ட்டர் ரிலே செய்கிறது. இரண்டு பெரிய போல்ட், ஒன்றில் பேட்டரி, மற்றதில் மோட்டார். பொத்தானை அழுத்தும்போது அந்த இரண்டு போல்ட்டுக்கும் நடுவே அளந்தால் கிட்டத்தட்ட ஜீரோ வர வேண்டும். ரிலே சத்தம் போட்டும் 12 வோல்ட் அப்படியே நின்றால் உள்ளே காண்டாக்ட் எரிந்துவிட்டது. ஆனால் உங்கள் சத்தத்துக்கு முதல் சந்தேகம் பேட்டரி. வின்ச் (சிக்கிய வண்டியை வடம் சுற்றி இழுக்கும் மோட்டார்) பூட்டியிருக்கிறீர்களா?

மணல்தேர்:
ஆமாம், பூட்டியிருக்கிறேன். போன தடவை சேற்றில் நிறைய இழுத்தது. இப்போது பேட்டரி 11.9.

கரித்தூரிகை:
அப்படியானால் கதை முடிந்தது. சாதாரண ஈய பேட்டரியில் 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12.0 வந்தால் கால்வாசி. 11.9-ல் செல்ஃபைக் குறை சொல்ல முடியாது. முழுதாக சார்ஜ் செய்து சில மணி நேரம் சும்மா விட்டு அளந்து பாருங்கள். அப்போதும் கிராங்க் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான் (குளிர் அதிகம் இல்லாத இடத்தில் அளந்தால் இந்தக் கணக்கு). வின்ச் இழுக்கும்போது இன்ஜினை அணைக்காதீர்கள்.

பள்ளம்மேடு:
அளவு வந்துவிட்டது.

இன்ஜின் சுற்றும்போது: பேட்டரி 10.6. பாசிட்டிவ் பக்கம் 0.35. நெகட்டிவ் பக்கம் 1.1. 50 முனையில் 8.6.

'டக்' மட்டும் வரும்போது: பேட்டரி 12.3. பாசிட்டிவ் பக்கம் 0.05. நெகட்டிவ் பக்கம் 0.2. 50 முனையில் 11.3. மோட்டாருக்குள் போகும் போல்ட்டில் 0.4.

அந்த 0.4 எனக்குப் புரியவில்லை. வந்தால் 12 வர வேண்டும், வராவிட்டால் ஜீரோ அல்லவா?

கரித்தூரிகை:
அருமையான அளவுகள். இதில் இரண்டு வியாதி இருக்கிறது, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை.

முதலில் 'டக்'. 50 முனைக்கு 11.3 வருகிறது. அதனால் சாவி, ரிலே, கிளட்ச் சுவிட்ச் எல்லாம் குற்றமற்றவை. 30 போல்ட்டில் 12 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. மோட்டாருக்குள் போகும் போல்ட்டில் மட்டும் 0.4. ஆக, சொலினாய்டுக்குள்ளே இருக்கும் செப்புக் காண்டாக்ட்டைத் தாண்டி மின்சாரம் போகவில்லை.

அந்த 0.4 எங்கிருந்து வருகிறது? சொலினாய்டுக்குள் இரண்டு காயில். ஒன்று பிளஞ்சரை (உள்ளே நகரும் இரும்புத் தண்டு) இழுக்க, இன்னொன்று இழுத்ததைப் பிடித்து வைக்க. பிடிக்கும் காயில் நேரே உடம்பில் எர்த் ஆகிறது. இழுக்கும் காயிலுக்குத் தனி எர்த் கிடையாது, அது மோட்டாரின் பிரஷ், ஆர்மேச்சர் வழியாகத்தான் எர்த் தேடுகிறது. காண்டாக்ட் சேர்ந்ததும் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் ஆகி அது தானாக ஓய்ந்துவிடும். உங்களுக்குக் காண்டாக்ட் சேரவில்லை, அதனால் அந்தக் காயிலின் மின்சாரம் மோட்டார் வழியே ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் அடையாளம்தான் 0.4. இதில் இன்னொரு தகவலும் கிடைக்கிறது: பிரஷ் வழியாகப் பாதை இருக்கிறது. பிரஷ் தேய்ந்து விலகிப்போயிருந்தால் இழுக்கும் காயிலுக்கு எர்த் இல்லாமல் இவ்வளவு பலமான 'டக்' வந்திருக்காது, இந்தப் போல்ட்டில் வோல்டேஜும் அதிகமாக நின்றிருக்கும்.

இரண்டாவது, எர்த். சுற்றும்போது நெகட்டிவ் பக்கம் 1.1 வோல்ட் விழுகிறது. 0.2, போனால் போகிறது 0.3 வரை விடலாம். பாசிட்டிவ் பக்கம் 0.5 வரை பொறுக்கலாம், உங்களுடையது 0.35, பாஸ். 10.6-ல் இந்த இரண்டையும் கழித்தால் மோட்டாருக்கு மிஞ்சுவது 9.15 தான். மோட்டாரை மட்டும் மாற்றியிருந்தால் புது மோட்டாரும் அதே 9.15-ல் திணறியிருக்கும். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஓடும் எர்த் பட்டையைத் தேடுங்கள்.

பழைய ஸ்பானர்:
எர்த் பட்டை மோசமானால் மின்சாரம் வேறு வழி தேடும். கியர் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள் என்று எது இன்ஜினையும் உடம்பையும் தொடுகிறதோ அதில் பாயும். செல்ஃப் அடித்ததும் ஏதாவது கேபிள் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். இறுகிப்போன ஆக்ஸிலேட்டர் கேபிளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், காரணம் எர்த் பட்டையாக இருக்கும்.

பட்டையின் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள், வியாதி இரண்டு நுனியில்தான். போல்ட்டைக் கழற்றி, லக்குக்கு (நுனியில் இருக்கும் உலோக வளையம்) அடியில் பெயின்ட், துரு, பச்சைப் பூ எல்லாவற்றையும் எமரி பேப்பரால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லினோ கிரீஸோ தடவலாம்.

பள்ளம்மேடு:
பட்டை கிடைத்தது. கியர்பாக்ஸ் பக்கம், காய்ந்த சேற்றுக் கட்டிக்குள் புதைந்து கிடந்தது. லக்குக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்திருக்கிறது, பின்னலும் பாதி அறுந்திருக்கிறது. புதுப் பட்டை போடுகிறேன். மோட்டாரை நானே பிரிக்கலாமா, முழு மோட்டார் வாங்கலாமா?

கரித்தூரிகை:
பழைய மோட்டார் வண்டியோடு வந்த ஒரிஜினல் என்றால் நான் அதைத்தான் பிரிப்பேன். பெயர் தெரியாத புது மோட்டாரைவிட, காண்டாக்ட் மாற்றிய ஒரிஜினல் நீண்ட நாள் ஓடும். கியர் ரிடக்‌ஷன் வகை மோட்டார்களில், முக்கியமாக டென்சோ கம்பெனி மாதிரிகளில், பின் மூடியின் சில ஸ்க்ரூக்களைக் கழற்றினாலே காண்டாக்டும் பிளஞ்சரும் கையில் வந்துவிடும். எல்லா மோட்டாரும் இப்படி இல்லை. சிலவற்றில் சொலினாய்டு சீல் வைத்த டப்பா. அதை முழுதாகத்தான் மாற்ற முடியும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் ஸ்பானரை உள்ளே விடாதீர்கள். 30 போல்ட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கிறது. ஸ்பானர் சேசிஸில் பட்டால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும். அப்புறம், கழற்றும் முன் சுற்றுப்புறச் சேற்றைக் கழுவிக் காயவிடுங்கள், இல்லையென்றால் மோட்டாரை இழுத்ததும் அந்தச் சேறு பெல் ஹவுசிங்குக்குள் விழும். வெளியே வந்ததும் மோட்டாரை வயரில் தொங்கவிடக் கூடாது.

திறந்தால் இரண்டு செப்புத் துண்டுகள், நடுவில் பிளஞ்சரின் செப்பு வட்டு. பெரும்பாலும் பேட்டரி பக்கத்துச் செம்பு அதிகமாகத் தேய்ந்திருக்கும். வட்டு ஒரு பக்கம் தொடும், மறு பக்கம் தொடாமல் நிற்கும். வட்டு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் அடுத்த தடவை தொட்டுவிடும். 'ஏதோ ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிறது' என்றீர்களே, அதன் காரணம் அநேகமாக இதுதான். சூட்டில் மோசமாவதும் ஆச்சரியம் இல்லை: காயில் சூடானால் அதன் மின்தடை கூடி இழுவை குறையும், தேய்ந்த காண்டாக்ட்டை அழுத்திச் சேர்க்கும் பலம் இருக்காது. எக்ஸாஸ்ட் பக்கம் வெப்பத் தகடு இருந்த இடம் காலியாக இருந்தால் அதையும் திரும்பப் போடுங்கள்.

இரண்டு செம்பையும் பிளஞ்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வட்டில் பள்ளம் விழுந்திருக்கும், புதுச் செம்பை அது சீக்கிரம் தின்றுவிடும். இறுக்கும்போது இரண்டு செம்பும் ஒரே மட்டத்தில் நிற்கட்டும். வட்டு இரண்டையும் ஒரே சமயத்தில் தொட வேண்டும், முழு வேலையில் முக்கியமான இடம் இதுதான்.

பிரித்தாகிவிட்டது, மற்றதையும் பாருங்கள். பிரஷின் நீளத்தை மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் தளராமல் அழுத்த வேண்டும், பிரஷ் கூட்டுக்குள் சிக்காமல் நகர வேண்டும். கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செப்புப் பட்டைகள் கொண்ட உருளை) கறுத்திருந்தால் மெல்லிய சாண்ட் பேப்பர் போதும். எமரி வேண்டாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது, பட்டைகளுக்கு நடுவே தங்கிவிடும். கம்யூட்டேட்டர் பட்டைக்கும் தண்டுக்கும் நடுவே மீட்டர் தொடர்பு காட்டினால் ஆர்மேச்சர் கதை முடிந்தது. பினியனைக் கையால் ஒரு பக்கம் சுற்றினால் ஓட வேண்டும், மறு பக்கம் பூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரு வழி கிளட்ச்சை டீசலிலோ பெட்ரோலிலோ ஊற வைத்துக் கழுவாதீர்கள். உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் கரைந்து போய்விடும், திரும்ப வைக்க வழியில்லை. துணியால் துடைத்தால் போதும். தண்டின் திருகுப் பள்ளத்தில் கிரீஸ் மெல்லிய படலமாக மட்டும். அப்பி வைத்தால் தூசியும் கிளட்ச் துகளும் சேர்ந்து பசையாகி, பினியன் வெளியே வராது. சேற்றில் ஓடும் வண்டிக்குக் கிரீஸ் அதிகம் போட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த இடத்தில் நேர் எதிர்.

நாலுக்குநாலு:
சரி, சுத்தியலை உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் தண்ணீர் விஷயத்தை யாரும் பேசவில்லையே. பெல் ஹவுசிங்குக்குள் தண்ணீர் போனால் பினியன் துருப்பிடிக்காதா?

பழைய ஸ்பானர்:
பிடிக்கும். பெல் ஹவுசிங்கின் அடியில் பெரும்பாலும் ஒரு சிறிய வடிகால் ஓட்டை இருக்கும். கசியும் எண்ணெயும் புகுந்த தண்ணீரும் வெளியேற அதுதான் வழி. சேறு அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். பழைய லேண்ட் ரோவர்களில் இதற்கென்று ஒரு திருகு மூடியே உண்டு: ஆழமான தண்ணீரில் இறங்கும் முன் பூட்ட வேண்டும், கரையேறியதும் கழற்றிவிட வேண்டும். மற்ற வண்டிகளில் ஓட்டையை ஒரு கம்பியால் குத்தி விட்டாலே பாதி வேலை முடிந்தது. சூடான மோட்டாரைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். அவசரம் இல்லையென்றால் கரையில் கொஞ்சம் ஆறவிட்டு இறங்குங்கள்.

மணல்தேர்:
இன்னொன்று, இது ஏடிவி பற்றி அல்ல. செங்குத்தான ஏற்றத்தில் ஜீப் நின்றுபோனால் கிளட்ச்சை மிதித்து ஸ்டார்ட் செய்யப் பயமாக இருக்கிறது, பின்னால் உருள்கிறது. நண்பர் ஒருவர் ஜீப்பில் கிளட்ச் மிதிக்காமலே செல்ஃப் அடிக்கிறார். எப்படி?

கரித்தூரிகை:
கிளட்ச்சை மிதித்தால்தான் செல்ஃப் அடிக்க விடும் கிளட்ச் சுவிட்ச்சைத் தாண்டும் ஏற்பாடு. டொயோட்டாவின் சில மேனுவல் கியர் வண்டிகளில் இதற்கென்று கம்பெனியே ஒரு பொத்தான் வைத்திருக்கிறது. லோ ரேஞ்சில் (ஃபோர் பை ஃபோரில் வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர் நிலை) முதல் கியரிலேயே வைத்து செல்ஃப் அடித்தால் மோட்டார் வண்டியையும் சேர்த்து நகர்த்திக்கொண்டே இன்ஜினை எழுப்பும். மோட்டாருக்கு அது பெரிய பாரம், ஓரிரு விநாடிக்கு மேல் கூடாது. கம்பெனி பொத்தான் இல்லாத வண்டியில் சுவிட்ச்சை நிரந்தரமாக ஷார்ட் செய்து வைப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கியரில் நிறுத்திய வண்டிக்குள் குழந்தை சாவியைத் திருப்பினால் போதும்.

பள்ளம்மேடு:
வேலை முடிந்தது. சொன்னபடியே பேட்டரி பக்கத்துச் செம்பு காகிதம் போல மெலிந்திருந்தது. இரண்டு செம்பு, பிளஞ்சர், எர்த் பட்டை எல்லாம் புதுசு. பிரஷ் இன்னும் நல்ல நீளம், விட்டுவிட்டேன். இப்போது சுற்றும்போது பேட்டரி 10.7, பாசிட்டிவ் பக்கம் 0.3, நெகட்டிவ் பக்கம் 0.12. சூடான இன்ஜினிலும் முதல் திருப்பிலேயே எழுகிறது, சுற்றும் வேகமும் கூடியிருக்கிறது.

மோட்டார் வெளியே இருந்தபோது டார்ச் அடித்து ஃப்ளைவீல் ரிங்கை (பினியன் வந்து பிடிக்கும் பல் வளையம்) பார்த்தேன். ஓர் இடத்தில் பற்களின் முனை தேய்ந்திருக்கிறது. இன்ஜினைக் கையால் அரைச் சுற்று சுற்றினால் எதிர்ப்பக்கமும் அதே மாதிரி. மற்ற இடமெல்லாம் புதுசு போல இருக்கிறது. இது எதனால்?

கரித்தூரிகை:
நாலு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது கம்ப்ரஷன் அதைத் தள்ளி ஏறக்குறைய அதே இரண்டு இடத்தில்தான் நிறுத்தும், ஒன்றுக்கொன்று எதிரெதிராக. அதனால் பினியன் ஒவ்வொரு தடவையும் வந்து மோதுவது அந்தப் பற்களில்தான். முனை மட்டும் மழுங்கி, பல்லின் உடம்பு முழுதாக இருந்தால் இப்போதைக்கு விடுங்கள். 'கர்ர்' சத்தம் வர ஆரம்பித்தால், அல்லது அடுத்து கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போது, ரிங்கை மாற்றிவிடுங்கள். அதைச் சூடாக்கித்தான் ஃப்ளைவீலில் ஏற்ற வேண்டும், அந்த வேலையைப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். பினியன் பற்களைப் படம் எடுத்திருந்தால் போடுங்கள், அதையும் பார்த்துவிடலாம்.